எத்தனை வொட்ஸ் வாங்க வேணும், அக்கா?

கேக் செய்யத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வன்னியில் விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கும் பெண்கள் இப்போது நிறையப் பேர். பிறந்தநாள், சாமத்தியவீடு, முதல் நன்மை, கலியாணம் என்று ஓடர் வருகிறது. கொஞ்சம் காசு சேர்ந்ததும், மேசையில் நின்று தானாகவே கலவையை அடிக்கும் ஸ்டாண்ட் மிக்சரில் கண் போகிறது. இரண்டு படங்களை எடுத்து அனுப்புவார்கள். "அக்கா, இதில 1500 வொட்ஸ் எண்டு கிடக்கு. மற்றதில 300தான். ஆனா மற்றதுக்குத்தான் விலை கூட. ஏன் அக்கா?"

பெட்டியில் எழுதியிருக்கும் வொட்ஸ், அந்த மெஷின் அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைத்தான் சொல்கிறது. கிண்ணத்துக்குள் கலவையை அடிக்கும் பீட்டர் எவ்வளவு பலத்தோடு சுற்றும் என்பதை அது சொல்லாது. மிக்சருக்குள் இருக்கும் மோட்டர் மிக வேகமாகச் சுற்றும். அந்த வேகத்தைக் குறைத்து, குறைந்த வேகத்துக்குப் பதிலாகப் பலத்தை வாங்கித் தருவது பற்சில்லுகள், அதாவது கியர். வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் வயல் உழும் இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரை வைத்து இதை விளங்கப்படுத்துவேன். வாசலில் நிற்கும் 150 சிசி மோட்டார் சைக்கிளுக்கும் லான்ட்மாஸ்டருக்கும் குதிரைவலுவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சேற்றுக்குள் கலப்பையை இழுத்துக்கொண்டு போவது லான்ட்மாஸ்டர்தான். அதன் கியர் அப்படி.

கிச்சன் எய்ட் நிறுவனத்தின் 4.8 லீற்றர் ஆர்ட்டிசன் மிக்சரில் இருப்பது 300 வொட்ஸ் மோட்டர். அதன் பற்சில்லுகள் உலோகத்தால் ஆனவை, கிரீஸுக்குள் ஓடுபவை. மலிவாக வரும் 1500 வொட்ஸ் மெஷின்கள் பலவற்றில் சின்ன மோட்டர் ஒன்று பேய் வேகத்தில் சுற்றும், பற்சில்லு நைலோனாக இருக்கும். கேக் கலவைக்கு அது போதும். பணிஸ் மா குழைக்கப் போனால்தான் சங்கதி தெரியும்.

மிக்சரின் உயிர்நிலை இன்னொன்றும் இருக்கிறது. கிண்ணம் அசையாமல் நிற்க, பீட்டர் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு கிண்ணத்துக்குள் எதிர்த்திசையில் வட்டமாகவும் சுற்றி வர வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் ஒட்டியது, அடியில் கிடப்பது எல்லாம் அடிபடும். அமெரிக்காவில் ஹோபார்ட் கம்பெனியில் வேலை செய்த ஹேர்பெர்ட் ஜோன்ஸ்டன் என்ற பொறியியலாளர், ஒரு வெதுப்பகத்தில் இரும்புக் கரண்டியால் மா குழைப்பதைப் பார்த்த பிறகு யோசித்து உண்டாக்கிய வழி இது என்று சொல்கிறார்கள். முதலில் வந்தது பெரிய போறணைகளுக்கான 80 குவாட் மெஷின், அதாவது 75 லீற்றருக்கு மேல் கொள்ளக்கூடியது. 1919இல் அதையே வீட்டு அளவுக்குச் சிறிதாக்கி கிச்சன் எய்ட் என்ற பெயரில் விற்றார்கள். கைப் பீட்டரை ஒரு தாங்கியில் கொழுவி, கிண்ணம் மட்டும் மெல்லச் சுற்றும்படி செய்தவையும் ஸ்டாண்ட் மிக்சர் என்ற பெயரில் கடைகளில் இருக்கின்றன. பட்டர் கேக்குக்கு அதில் குறையில்லை. மா குழைக்க அதை வாங்காதீர்கள்.

என் அம்மா கேக் அடித்த காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் கிடையாது. வன்னியின் பெரும் பகுதிக்குப் போர் முடிந்த பிறகுதான் கம்பியில் மின்சாரம் வந்தது. பட்டர் கிடைப்பது அருமை, மாஜரின்தான். அம்மா திண்ணையில் இருந்து, மடியில் சட்டியை வைத்து மர அகப்பையால் அடிப்பார். அம்மாவின் கை ஓய்ந்தால் அக்காவிடம் போகும், பிறகு என்னிடம் வரும். நிறம் வெளிறும் வரைக்கும், சீனி விரலில் நறுநறுக்காமல் போகும் வரைக்கும் விடமாட்டார். அடுப்பில் பெரிய சட்டி வைத்து, உள்ளே மணல் பரப்பி, கேக் தட்டை அதன் மேல் இறக்கி, மூடியின் மேல் தணல் அள்ளிப் போடுவார். அந்தக் கேக்கின் மேற்பக்கம் சிவந்திருப்பதைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

அந்த அடியில் என்ன நடக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. சீனிப் பரல்களின் கூரான ஓரங்கள் பட்டரைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே இழுக்கின்றன. அந்தக் காற்றுக் குமிழிகள்தான் போறணைச் சூட்டில் பெருக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குமிழியைப் பெரிதாக்குகிறது. அதனால் அடிக்காத கலவையில் எவ்வளவு பவுடர் போட்டாலும் கேக் இறுகித்தான் போகும். அம்மா மூன்று பேரின் கைகளைக் கொண்டு செய்ததை, மிக்சர் அரைவாசி நேரத்துக்குள் செய்கிறது. மிக்சரின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தோள்மூட்டு நோகாமல் சரியாக அடிபட்ட பட்டர் கிடைக்கிறது. அலங்காரம் பிறகுள்ள கதை.

எனக்கு முதலில் இருந்தது கைப் பீட்டர். கன காலம் அதோடு ஓட்டினேன். அரைக்கிலோ, ஒரு கிலோ கேக் என்றால் கைப் பீட்டரே தாராளம். நாலு முட்டை வெள்ளைக்கரு அடிக்க இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். மாதத்தில் ஒரு கேக், வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இரண்டு கேக் என்று செய்பவர்கள் ஸ்டாண்ட் மிக்சர் வாங்கத் தேவையில்லை என்று நேராகவே சொல்லிவிடுவேன். அந்தக் காசுக்கு நல்ல அவண் வாங்கலாம். கேக்கைக் கெடுப்பதில் அவணுக்கு இருக்கும் பங்கு மிக்சருக்கு இல்லை.

ஓடர் கூடியபோது ஒரு ஸ்டாண்ட் மிக்சர் வாங்கினேன். பெயர் சொல்லவில்லை. பளபளவென்று சிவப்பு நிறம், எவர்சில்வர் கிண்ணம், பெட்டியில் பெரிய வொட்ஸ் கணக்கு. பட்டர் கேக், ஐசிங், ரிபன் கேக் எல்லாவற்றுக்கும் நன்றாகவே உழைத்தது. கோயில் திருவிழாவுக்குப் பணிஸ் கேட்டார்கள் என்று மா குழைத்தேன். அதோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவுக்குள்தான் மா போட்டிருந்தேன், சொன்ன வேகத்தில்தான் ஓடவிட்டேன். கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு மோட்டர் ஓடுகிறது, மா குழைக்கும் கொக்கி அசையவில்லை. விற்ற கடையில் கேட்டால், பாட்ஸ் வருவதில்லை, புதிது எடுங்கள் என்றார்கள்.

கிளிநொச்சியில் மோட்டர் திருத்தும் ஒரு அண்ணை இருக்கிறார். தண்ணீர்ப் பம்ப், காற்றாடி, கிரைண்டர் எல்லாம் அவரிடம்தான் போகும். பரந்தனில் பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, மோட்டர் நல்லாத்தான் கிடக்கு. பல்லுச் சில்லுத்தான் போட்டுது. இந்தச் சாமான் இஞ்ச எடுக்கேலாது." நைலோன் சில்லின் ஒரு பக்கத்துப் பல் முழுக்க மழிந்து போயிருந்தது. மோட்டரின் கொயில் எரிந்திருந்தால் திரும்பக் கட்டித் தந்திருப்பார். மோட்டருக்குள் உராய்ந்து மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் வேறொன்றை அரத்தால் ராவி அளவாக்கிப் போட்டிருப்பார். அந்த ஒரு சில்லுக்கு மட்டும் வழியில்லை.

அன்றைக்கு அவர் சொல்லித் தந்ததை இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். மிக்சர் வாங்கப் போகும்போது நிறத்தைப் பார்க்க முன் பற்சில்லு உலோகமா என்று கேட்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அந்த மொடலை யாராவது கழற்றித் திருத்தும் வீடியோவை இணையத்தில் தேடிப் பாருங்கள். உள்ளே இருப்பது கண் முன்னால் தெரியும். அப்படி ஒரு வீடியோவும் இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். கார்பன் பிரஷ் மாற்றும் மூடி வெளியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கிச்சன் எய்டில் தலையின் இரண்டு பக்கமும் வட்ட மூடி இருக்கும், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதை விட, அந்த உத்தரவாதத்துக்காக மெஷினை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. கொழும்புக்கு என்றால் போக்குவரத்துச் செலவையும் ஒரு நாள் ஓடரையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெளிநாட்டு உறவுகளின் விஷயம். இதை இங்கே யாரும் ஒழுங்காக எழுதி நான் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பல வீடுகளுக்கு வெளியில் ஒரு அண்ணா, ஒரு மாமி, ஒரு மச்சாள் இருக்கிறார்கள். அவர்கள் ஆசையோடு கேட்பார்கள். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாள் வரும்போது போன் எடுத்தாள். "மச்சாள், கிச்சன் எய்ட் ஒண்டு மலிவு விற்பனையில போகுது. கொண்டு வரட்டோ?" எனக்கு மனம் விரும்பியதுதான். ஆனாலும் வேண்டாம் என்றேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230 வோல்ட். அந்த மெஷினை எங்கள் சொக்கெட்டில் நேரே செருகினால் இருமடங்கு வோல்ட், அதனால் இருமடங்கு கரண்ட், ஆக ஏறத்தாழ நாலு மடங்கு சூடு. புகை வர அதிக நேரம் எடுக்காது. பிளக்கின் காலை மாற்றும் சின்ன அடப்டர் வோல்டைக் குறைக்காது. இதைத் தெரியாமல் செருகி எரிந்த மெஷின்கள் அந்த அண்ணையின் கடையில் மூலையில் கிடக்கின்றன.

ஏற்கெனவே கனடா மெஷின் வந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: 230ஐ 110 அல்லது 120 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். மிக்சர் 325 வொட்ஸ் என்றால் ட்ரான்ஸ்போமர் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மோட்டர் கிளம்பும் நேரத்தில் அதிகமாக இழுக்கும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாமான் கடைகள் நிறைய, அங்கே விசாரிக்கலாம். கனடாவில் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 ஹேர்ட்ஸ் என்பது கார்பன் பிரஷ் உள்ள மோட்டருக்குப் பெரிய தடையல்ல. ஆனால் செய்த கம்பெனி உத்தரவாதம் தராது, ட்ரான்ஸ்போமரும் நல்ல பாரம், மேசையில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். மிக்சரே 11 கிலோவுக்கு மேல் வரும். 23 கிலோப் பெட்டியில் அரைவாசி அதற்கே போய்விடும்.

லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே என்றால் பயமில்லை. எல்லாம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஐரோப்பாவின் உருண்டைக் கால் பிளக்கை மாற்றிவிட வேண்டும். லண்டன் பிளக்கோ எங்கள் 13 அம்பியர் சதுரக் கால் சொக்கெட்டுக்கு அப்படியே பொருந்தும். பிளக்குக்குள் ஃபியூசும் இருக்கும்.

இப்போது என் குசினியில் நிற்பது அப்படி வந்த ஒரு கெனவுட் செஃப், ஏ 901 மொடல். லண்டனில் இருக்கும் சித்தி தான் பாவித்ததை எனக்கு அனுப்பினார். "நான் இப்ப கேக் செய்யிறதில்லை மகள், அது சும்மா கிடந்து என்ன செய்ய" என்றார். கெனவுட் என்பது கெனத் வூட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனி. முதல் செஃப் 1950இல் வந்தது. என்னுடையது ஹாவன்ட் என்ற ஊர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இந்த மொடலில் வயது போகப் போக வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகையில் உள்ள கப்பாசிட்டர்கள் மூத்துப் போகும், அடியில் இருக்கும் இறப்பர்க் கால்கள் இளகி ஒட்டும். இரண்டுக்கும் அங்கே மாற்றுச் சாமான்கள் பொதியாக விற்கிறார்கள். சித்தியின் மகன் அவற்றை வாங்கி மாற்றிவிட்டுத்தான் கப்பல் பார்சலில் போட்டான். நாற்பது வருடத்துக்குக் கிட்டப் பழைய மெஷினுக்கு இன்றைக்கும் பாட்ஸ் கிடைக்கிறது. எனக்கு மிக்சரில் வேண்டியது இந்தக் குணம்தான். இதன் மோட்டர் 450 வொட்ஸ். பணிஸ் மாவை அது குழைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

மேற்கு ஆபிரிக்காவுக்கோ அரபு நாட்டுக்கோ வேலைக்குப் போனவர்கள் வாங்கி வருவதானால் மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து 220–240 என்று இருந்தால் வாங்கலாம்.

கரண்ட் பில் கூடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 300 வொட்ஸ் மிக்சர் இருபது நிமிடம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். பில்லை ஏற்றுவது அவண். மிக்சரைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது குறைந்த வோல்டுக்கு. எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் லைட்டும் காற்றாடியும் மோட்டரும் ஓடும்போது வோல்ட் இறங்கிவிடும். மிக்சர் முனகும், வேகம் ஏறாது. அந்த நேரத்தில் கெட்டி மாவைப் போட்டுக் குழைத்தால் மோட்டர் சுற்ற முடியாமல் சூடாகும். நான் அடிக்கும் வேலையையெல்லாம் காலையில் வைத்துக்கொள்கிறேன். இன்வேட்டர் வைத்திருப்பவர்கள் அது சுத்தமான சைன் அலை, அதாவது கம்பியில் வரும் கரண்டைப் போல் ஒழுங்கான அலை, தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான இன்வேட்டரில் மோட்டர் உறுமும், சூடாகும், வேகக் கட்டுப்பாடு தடுமாறும்.

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அந்த மாதங்களில் காஸ் இல்லை, பால்மா இல்லை, பட்டர் விலை கேட்கவே பயம். ஆனாலும் பிள்ளைகளின் பிறந்தநாள் வரத்தானே செய்யும். அம்மாவின் மர அகப்பை எனக்குத் திரும்பக் கைகொடுத்தது. அதனால் மிக்சர் வாங்கினாலும் கையால் அடிக்கப் பழகாமல் இருக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். கையால் அடித்தவருக்குத்தான் மிக்சரை எப்போது நிறுத்த வேண்டும் என்று கண் சொல்லும்.

என்ன அளவு வாங்குவது? இங்கே கிண்ணத்தின் லீற்றரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எங்கள் ஒரு கிலோ பட்டர் கேக் என்பது 250 கிராம் பட்டர், 250 சீனி, 250 மா, ஐந்து முட்டை. நாலரை, ஐந்து லீற்றர்க் கிண்ணத்தில் இதைப் போல் இரண்டு மடங்கு நன்றாக அடிபடும். அதற்கு மேலே போட்டால் மா வெளியே பறக்கும், அடியில் ஒன்று மேலே ஒன்றாக இருக்கும். ஒரே நேரத்தில் நாலு கிலோக் கலவை வேண்டும் என்பவர்கள் 6.7 லீற்றர் கெனவுட் எக்ஸ்எல் போன்ற பெரியதைப் பார்க்கலாம். ஆனால் பெரிய கிண்ணத்தில் இரண்டு முட்டை வெள்ளைக்கருவை அடிக்கப் போனால் நுரைக்க அடிக்கும் கம்பி விஸ்க் எட்டாது. வீட்டில் செய்பவர்களுக்கு நடுத்தர அளவுதான் நல்லது. கூட ஒரு கிண்ணம் தனியாக வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒன்றில் மஞ்சள் கரு, மற்றதில் வெள்ளை என்று கழுவாமல் வேலை நடக்கும்.

மார்கழியில் நத்தார் ரிச் கேக்தான் மிக்சருக்கு வரும் பெரிய சோதனை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. சிலாவத்தை, கள்ளப்பாடு, செல்வபுரம் என்று அந்தப் பக்கமிருந்து ஐப்பசியிலேயே சொல்லி வைத்துவிடுவார்கள். கலியாணங்களுக்கும் இதே கேக்தான், துண்டு துண்டாக வெட்டிக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பதற்கு. எங்கள் வீட்டு அளவில் 500 கிராம் பட்டர், 500 கிராம் வறுத்த ரவை, 25 மஞ்சள் கரு, சீனி, கஜு, முந்திரிகை வத்தல், நீற்றுப்பூசணித் தோசி, இஞ்சித் தோசி, பன்னீர், தேன். தேன் மட்டும் கடைப் போத்தலில் வாங்குவதில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுத் தேன், தெரிந்தவர் கொண்டுவந்து தருவார். அதன் மணம் கேக்கை அடுத்த மாதம் வெட்டினாலும் நிற்கும்.

இந்தக் கேக்கில் மிக்சரின் வேலை பட்டர், சீனி, மஞ்சள் கரு மூன்றோடும் முடிகிறது. ரவையைச் சேர்த்து ஒரு சுற்று, அவ்வளவுதான். பழங்களையும் கஜுவையும் மிக்சருக்குள் கொட்டவே கூடாது. கலவை மிகக் கனமாகிவிடும், பழம் நசிந்து கேக் முழுக்கக் கறுக்கும், மெஷினின் கழுத்து ஆடத் தொடங்கும். பெரிய அலுமினியப் பேசினில் கொட்டி, கையைக் கழுவி, கையாலேயே பிசைந்து சேர்ப்பதுதான் முறை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷின் என்றாலும் இந்த இடத்தில் கைதான். மிஞ்சும் வெள்ளைக்கருவில் கொஞ்சத்தை நுரைக்க அடித்துக் கலவைக்குள் மெல்லச் சேர்ப்பேன், மற்றது ரோயல் ஐசிங்குக்கு. ரோயல் ஐசிங்கைக் கம்பி விஸ்க்கால் அடிக்க வேண்டாம், தட்டைப் பீட்டரைப் போட்டு மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள். விஸ்க் காற்றை நிறைத்துவிடும், பூ வைக்கும்போது துளைத் துளையாக வரும். மார்கழி மழையில் ரோயல் ஐசிங் காய மறுக்கும். பூக்களை முதலே செய்து காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிட வேண்டும்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் பிரச்சினை வேறு. இணையத்தில் எல்லோரும், பட்டரை அறை வெப்பத்தில் வைத்து மெதுவாக்குங்கள், முட்டையும் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். அவர்களின் அறை 20 பாகை. ஆவணியில் என் குசினி 33, 34 பாகை. பட்டர் காற்றைப் பிடித்து வைப்பது 18 முதல் 20 பாகை வரையில்தான். இங்கே பட்டரை வெளியே வைத்துவிட்டு முற்றம் கூட்டி வந்தால் எண்ணெய்தான் மிஞ்சும். நான் பிரிட்ஜில் இருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி உடனே மிக்சரில் போடுகிறேன். பீட்டர் உராயும் சூடே அதை மெதுவாக்கிவிடும். முட்டையும் இலேசான குளிரோடு போகலாம். ஆனால் பிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு உடைத்து ஊற்றினால் கலவை திரைந்துவிடும். கலவை மினுங்கிக்கொண்டு தளர்ந்து ஓடினால் கிண்ணத்தோடு பிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். எவர்சில்வர்க் கிண்ணம் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், அது உடனே குளிரும். பாண் மாவுக்குத் தண்ணீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர். குழைத்து முடியும்போது மா 26 பாகைக்குக் கிட்ட இருந்தால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும். கடைச் சீனி பரல் பெரிது, கிரைண்டரில் ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். மாவாக அரைக்க வேண்டாம், பரலின் ஓரம் கொஞ்சம் இருந்தால்தான் காற்றைப் பிடிக்கும்.

புது மெஷினோ பழையதோ, வந்தவுடன் பீட்டருக்கும் கிண்ணத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வெறும் கிண்ணத்தில் ஒரு சின்னக் காசைப் போட்டு, தட்டைப் பீட்டரைக் கொழுவி, மிகக் குறைந்த வேகத்தில் விட வேண்டும். பீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் காசைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியான இடைவெளி. காசு அசையாமலே கிடந்தால் பீட்டர் உயரத்தில் நிற்கிறது, அடியில் பட்டர் அடிபடாது. கிச்சன் எய்டில் தலை மடியும் இடத்தில் ஒரு ஸ்குரூ இருக்கிறது, அதைத் திருப்பிச் சரி செய்யலாம். கெனவுட்டில் பீட்டரின் தண்டில் உள்ள நட்டை ஸ்பனரால் தளர்த்தி ஏற்றி இறக்கலாம். அடியில் மாத்திரம் மஞ்சள் கோடு விழுந்த கேக் வந்தால் அவணைக் குறை சொல்ல முன் இதைப் பாருங்கள்.

மா குழைக்கும்போது வேகத்தை ஏற்றாதீர்கள். பத்து வேகம் உள்ள கிச்சன் எய்டில் மாவுக்கு இரண்டுதான், அதற்கு மேலே போக வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஐந்தாறு நிமிடம் குழைத்து, மாவையும் மோட்டரையும் சேர்த்து ஆறவிட்டு, பிறகு திரும்பக் குழையுங்கள். முறுக்கு மா, இடியப்ப மா இரண்டையும் நான் மிக்சரில் செய்வதில்லை. கொதிதண்ணீர் ஊற்றிக் குழைக்கும் அரிசி மாவின் பதம் கைக்குத்தான் தெரியும்.

கடைசியாக, மெஷினை வைக்கும் இடம். பாரம் அதிகம், தினமும் தூக்கி அலுமாரிக்குள் வைப்பீர்கள் என்று நினைக்காதீர்கள். ஆடாத மேசை ஒன்றில் நிரந்தரமாக நிற்கட்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் பல்லிக்குக் குறைவில்லை. மோட்டரின் காற்றுத் துவாரத்துக்குள் இளஞ்சூடு தேடிப் போய்விடும், அடுத்த நாள் சுவிட்ச் போட்டதும் செத்துப்போன பல்லியோடு மோட்டரும் போகும். சீனி பட்ட இடத்தைத் துடைக்காவிட்டால் எறும்பு உள்ளே குடியேறும். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, மோட்டர் ஆறிய பிறகு பழைய சீலைத் துணியில் தைத்த உறையைப் போடுங்கள். சூட்டோடு மூடக் கூடாது, பொலித்தீன் உறையும் வேண்டாம், மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும். நான் தைப்பொங்கல் முடிந்து ஓடர் குறைந்ததும் கிளிநொச்சி அண்ணையிடம் கொண்டுபோய் ஒருமுறை திறந்து, பிரஷ் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிது போட்டு எடுத்து வருவேன்.